எலி சாரும் சாவித்தட்டும்

குடித்துவிட்டு வாந்தி எடுத்தவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெற்றவர்கள் அவருக்கு லட்சணமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் தபால்காரரிலிருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் எலி சார்தான். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஒல்லியான தேகம், முன்னால் துருத்திய இரண்டு பல், எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுருக்கி மோப்பம் பிடிக்கிற பழக்கம். இத்தனைக்கும் அந்தப் பெயர் வந்தது இதனால் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

இளவயதில் அவர் சிதம்பரத்தில் தங்கி ஒரு ஆராய்ச்சி செய்தார். எலிகளுக்குச் சரக்கு ஊற்றுகிற ஆராய்ச்சி. கூண்டில் இரண்டு பாட்டில்கள் தொங்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சாராயம் கலந்த தண்ணீர். எந்த எலி எதைத் தேடிப் போகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். சில எலிகள் தண்ணீரைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. சில எலிகள் பாட்டில் மாட்டுவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கும். அப்படி நிற்கிற எலியின் குட்டிகள் வளர்ந்ததும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, பெரும்பாலும் அப்பன் போன பாட்டிலுக்கே போகும்.

இதை அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று விவரித்தபோது, என் வீட்டுக்காரர் ஜெயராஜ் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதுங்களுக்கு சைடிஷ் என்னா சார் குடுத்தீங்க?"

"கடலை" என்றார் சார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது. கடைசியில் எலியின் மூளையை எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த நாள் வந்தபோது மூளைக்குச் சொந்தக்காரர் பின்னங்காலில் எழுந்து நின்று இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாராம். சார் அத்தனை கூண்டுகளையும் திறந்து விட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சிதம்பரத்தில் எந்தச் சரக்குக் கடையின் பின்புறமாவது எலி நடமாட்டம் ஜாஸ்தி என்று கேள்விப்பட்டால், அவையெல்லாம் சாருடைய பழைய மாணவர்களின் வாரிசுகள் என்று எங்கள் தெருவில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

எலிகளை விட்டாரே தவிர ஆராய்ச்சியை அவர் விடவில்லை. எலிகள் இருந்த இடத்தில் எங்களை வைத்துக்கொண்டார்.

எங்கள் தெரு ஆராய்ச்சிக்கு ஏற்ற தெருதான். முனையில் மாதா கோயில். கோயிலைச் சுற்றி உறவும் பங்காளியுமாக நாங்கள். கல்யாணமோ, பிள்ளை முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மையோ, புதுவீடு மந்திரிப்போ, எது நடந்தாலும் முந்தின நாள் சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பந்தல் முளைத்துவிடும். அது ஆம்பிளைகளுக்கானது. யார் அழைத்தாலும், அழைக்காவிட்டாலும், எலி சார் அங்கே போய் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார். கையில் ஒரு பன்னீர் சோடா. சொட்டுச் சரக்கு தொட மாட்டார். ஒரு மூடி குடித்தாலே மனுஷன் மல்லாந்துவிடுவார், அந்தப் பயம்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் எதிர்வீட்டுப் பத்திநாதன் இரண்டாவது கிளாசிலேயே முகம் சிவந்து, வியர்த்து, வாழைமரத்தடிக்கு ஓடினார். அவர் மனைவி லூர்து தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓட, அவளுக்கு முன்னால் எலி சார் ஓடினார். பத்திநாதனின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, அப்படியே தோளோடு அணைத்துக்கொண்டார்.

"குடுத்து வச்சவரு நீங்க! உங்க உடம்பு வேணாம்னு சொல்லுது பாருங்க, சத்தமா சொல்லுது!" பிறகு லூர்துவிடம் திரும்பி, "நல்ல பரம்பரைம்மா இவுங்களுது. விட்டுடாதீங்க" என்றார்.

லூர்து இடுப்பில் கை வைத்தாள். "யோவ் சார், எம்மாடியோவ், சீலையெல்லாம் நாறிப்போய் நிக்கறன், பரம்பரையப் பத்திப் பேசறியே! உனுக்கு மூளை கீளை இருக்குதா?"

"மூளை இல்லம்மா, ஈரல். சாராயம் ஈரலுக்குப் போனதும் மொதல்ல ஒரு விஷமாத்தான் மாறும். அந்த விஷத்த கழுவித் தள்ள ஒரு சாமான் வேணும். அது உங்க வீட்டுக்காரருக்குப் பொறப்புலயே மெதுவா வேல செய்யுது போலருக்கு. அதான் மூஞ்சி செவக்குது, வயிறு பொரட்டுது. இந்த மாதிரி ஆளு குடிகாரனா ஆவறது ரொம்ப கஷ்டம்."

"அவுரு ஆவலன்னு இப்ப யாரு அழுதாங்க?" என்று சொல்லிவிட்டு லூர்து புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் மறுநாள் தெருக்குழாயில் அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், தன் வீட்டுக்காரருக்கு ஈரலில் ஏதோ நல்ல சாமான் குறைச்சலாக இருக்கிறதாம் என்று.

இன்னொருவர் எலக்ட்ரீஷியன். பகலில் வாய் திறக்காத சாது. கிளாஸ் கைக்கு வந்ததும் இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை பேச மாட்டார். "முன்மூளைன்னு ஒண்ணு இருக்கு டீச்சர். தப்பாயிடும், சிரிப்பாங்கன்னு நம்மள புடிச்சு வைக்கறது அதுதான். சரக்கு உள்ள போனா மொதல்ல தூங்கப் போறதும் அதுதான். காவக்காரன் தூங்கினதும் உள்ள இருக்கற இங்கிலீஷ் மொத்தமும் வெளிய வந்துடுது" என்று சார் எனக்கு விளக்கினார். மொத்தமும் என்றால் 'ஐ ஆம் நாட் ஒயர் மேன், ஐ ஆம் கரண்ட்' என்ற ஒரே வாக்கியம். விடிய விடிய அதுதான்.

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். தமிழ் எடுக்கிறேன். அதனால் பெண்களில் அவர் விளக்கங்களைக் கேட்டுத் தொலைக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வாய்த்தது. அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு "நல்ல எலி" என்பது. இரண்டு பாட்டிலும் எதிரே இருக்கும்போது தண்ணீருக்குப் போகிற எலிதான் நல்ல எலி. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர், தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரியிடம் போய்க் கும்பிட்டு, "சிஸ்டர், உங்க தமிழ் டீச்சர் ரொம்ப நல்ல எலி" என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இப்போது சாவித்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் தெருவின் சொந்தக் கண்டுபிடிப்பு. பந்தலில் உட்காருவதற்கு முன்னால் ஆம்பிளைகள் எல்லாரும் வண்டிச் சாவிகளை ஒரு வெற்றிலைத் தட்டில் போட்டுவிட வேண்டும். அந்தத் தட்டு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்ப்பது, ஊற்றுவது, கடைசியில் ஒவ்வொருவரையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. குடிக்காதவரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். குடிக்காதவனுக்குப் பந்தலில் என்ன மரியாதை? குடித்தும் ஆடாதவன் எவனோ அவனுக்குத்தான் தட்டு.

அந்தத் தட்டு வருஷக்கணக்காக என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. துறைமுகத்துப் பக்கம் போட் எஞ்சின் மெக்கானிக் அவர். தெருவில் 'ஸ்டெடி ஜெயராஜ்' என்றால்தான் தெரியும். எவ்வளவு உள்ளே போனாலும் கண் சிவக்காது, நாக்கு குழறாது, கோடு போட்டு நடக்கச் சொன்னால் கோட்டின் மேலேயே நடப்பார். தட்டு கையில் இருப்பதால் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும், மிச்சம் மீதியையும் அவரே தீர்க்க வேண்டும். மற்றவர்கள் மனைவிமார் தலைவிரித்துக்கொண்டு நிற்கும்போது நான் மட்டும் தலைநிமிர்ந்து நிற்பேன். "எங்க வீட்டுக்காரு அசைய மாட்டாரு" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

எலி சார் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார், கைதட்டுவார், விழுந்து கிடப்பவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் நலம் விசாரிப்பார். ஜெயராஜிடம் வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் நான் மாடியில் துணி காயப்போடும்போது வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? இந்தத் தெருவுலயே நான் பயப்படறது உங்க வீட்டுக்காரர பாத்துதான்."

"அவுரா? அவுருதான் சார் ஒருத்தர் ஒழுங்கா இருக்காரு."

"அதான் பயம். பத்திநாதனுக்கு உடம்பு மணி அடிக்குது, போதும்னு. இவருக்கு மணியே இல்ல. பொறப்புலயே இல்ல. எப்ப நிறுத்தணும்னு அவருக்கு யாரு சொல்லுவா? நீங்க அத தெறமைன்னு தட்டு குடுத்து வச்சிருக்கீங்க."

எனக்கு வந்ததே கோபம். குடித்து விழுகிறவன் வீட்டில் போய் வாழ்த்துகிறார், விழாதவன் வீட்டில் வந்து அபசகுனமாகப் பேசுகிறார்! அன்றிலிருந்து மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு போகவில்லை. சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஞாயிறு மத்தியானம் மாடிப்படியில் நின்று மூக்கைச் சுருக்கி மோப்பம் பிடித்துவிட்டு, பேசாமல் மேலே போய்த் தயிர்சாதம் சாப்பிட்டார்.

ஆனால் சொல்லிய சொல் உள்ளே கிடந்து உறுத்தியது. கல்யாணத்துக்கு என்று இருந்தது சனிக்கிழமைக்கு என்று ஆனதும், சனிக்கிழமை என்று இருந்தது தினமும் என்று ஆனதும் எப்போது என்று யோசித்தால் எனக்கு ஞாபகமே வரவில்லை. எப்படி வரும்? எங்கள் தெருவில் விழுந்தால்தான் குடிகாரன். இவர் விழவே இல்லையே. வேலை முடிந்து நேராக நடந்து வந்தார், நேராக உட்கார்ந்தார், நேராகப் படுத்தார். முன்பு ஒன்றில் வந்த அந்த நிம்மதிக்கு இப்போது மூன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

"நான் நெனச்சா நாளைக்கே விட்ருவன்" என்பார் கேட்டால். "தவக்காலத்துல விடறன் இல்ல?"

அது உண்மைதான். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசியதிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் தெருவில் கறியும் கிடையாது, சரக்கும் கிடையாது. பந்தல்காரன்கூட அந்த நாளில் சொந்த ஊருக்குப் போய்விடுவான். ஜெயராஜ் ஒவ்வொரு வருஷமும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நிறுத்துவார். அந்த வருஷமும் புதன்கிழமை காலைப் பூசையோடு நிறுத்தினார்.

வியாழக்கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியர்த்துக் கொட்டியது. வெயில் என்றோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. ஏசுவின் பாடுகளைக் காட்டும் பதினாலு ஸ்தலங்களுக்கும் முன்னால் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு போவது ஜெயராஜின் வழக்கமான ஊழியம். முதல் ஸ்தலத்திலேயே சுடர் ஆடியது. மூன்றாவதில் மெழுகு அவர் கையெல்லாம் வழிந்தது, உடம்பே நடுங்கியது, அவர் கவனிக்கவில்லை. கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னா பக்தி பாரு" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல். சாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஜெயராஜ் மேல ஆவி எறங்கிடுச்சு, சத்தமா பாடுங்க" என்று கிசுகிசுத்தார். கூட்டம் உரக்கப் பாடியது. லூர்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் எலி சார் கோயிலுக்குள் ஓடி வந்தார். காட்டுமன்னார்கோயில் பெருமாள் பக்தர். எங்கள் கோயில் வாசலைத் தாண்டி அதுவரை வந்ததில்லை. புதன்கிழமையிலிருந்தே அவர் ஜெயராஜ் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னால் போய், ஜெயராஜின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ஃபாதர், நிறுத்துங்க. ஆவியும் இல்ல ஒண்ணும் இல்ல. இவுர உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்."

"எதுக்குய்யா?" என்றார் உபதேசியார், பாதிப் பாட்டு வாயில் நிற்க.

"குடிய நிறுத்திட்டாரு!"

"குடிச்சப்பல்லாம் வூட்ல இருந்தாரு, நிறுத்தினா ஆஸ்பத்திரியா?" என்று லூர்து கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் சாருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. சொந்த அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முகம் அது.

பத்திநாதன் கார் எடுத்தார். கடலூரிலேயே ஒரு டாக்டர் பார்த்து ஊசி போட்டு, இந்த அளவுக்குப் பழகின உடம்பைத் தடாலென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, படுக்கையில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லிச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். சார் அங்கே எல்லாரையும் அறிந்தவர். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார்.

ஜெயராஜுக்கு நினைவு தெளிந்த ஒரு காலையில், அவர் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சார் இது? முப்பது வருஷமா ஸ்பேனர் புடிச்ச கை. கிளாச புடிக்க மாட்டேன்றது."

சார் கட்டிலில் உட்கார்ந்தார். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றன். மூளைக்குள்ள ஒரு பிரேக் இருக்கு, ஒரு ஆக்சிலேட்டர் இருக்கு. ரெண்டும் ரசாயனம்தான். சரக்கு தெனமும் போய் பிரேக்க மிதிக்குது. வண்டி ஓடணுமே, மூளை என்னா பண்ணும்? ஆக்சிலேட்டர கூட்டிகிட்டே போவும். பல வருஷமா அப்படியே செட் ஆயிடுச்சு. புதங்கெழம நீங்க பிரேக்லேர்ந்து கால பட்டுனு எடுத்துட்டீங்க."

ஜெயராஜ் போர்வைக்குள் வலது காலை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "அப்ப எஞ்சின் ரேஸாவுது."

"ரேஸாவுது. அதான் கை."

"ட்யூனிங் பண்ணா சரியாயிடுமா?"

"ஆவும். மெதுவாத்தான் ஆவும்."

வருஷக்கணக்காக நான் கெஞ்சியதும் பங்குச் சாமியார் புத்தி சொன்னதும் ஏறாத தலையில், அந்த ஒரு ட்யூனிங் ஏறிவிட்டது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வெளியே டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாரிடம் கேட்டேன். "எப்டி சார் உங்களுக்கு அவ்ளோ நிச்சயமா தெரிஞ்சுது? எலிங்க கிட்டேர்ந்தா?"

சார் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "எங்கப்பா ரைஸ்மில்லுல மேஸ்திரி. அவரும் இதே மாதிரிதான் டீச்சர். ஒரு நாள் தள்ளாடினது கெடையாது. ஊரே பெருமையா பேசும். நிமிந்த நடையிலயேதான் செத்தாரு."

"அதான் நீங்க தொடவே இல்லியா?"

"தொட்டன். ஒரே ஒரு தடவ, இந்த ஊர்லதான், படிக்கும்போது. கூட இருந்த பசங்கல்லாம் சுருண்டு விழுந்துட்டானுங்க. எனக்கு ஒண்ணுமே ஆவல. அத்தன பேரையும் நான்தான் தூக்கிட்டு வந்து ரூம்ல படுக்க வச்சன். காலையில எல்லாரும் கைதட்டுனாங்க, கெட்டிக்காரன்டா நீன்னு. நான் பாத்ரூம்ல போய் ஒக்காந்து அழுதன்."

மூக்கைச் சுருக்கினார். வழக்கமான மோப்பம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"ரத்தத்துல வர்றதுக்கு வழி இருக்கு, அவ்ளோதான் டீச்சர். வழி இருக்குன்னா அதுல போய்த்தான் ஆவணும்னு இல்ல. குடிகார எலிக்குப் பொறந்ததா இருந்தாலும், கூண்டுல அந்த பாட்டில மாட்டலன்னா அதுவும் தண்ணிதான் குடிக்கும். எனக்கு நானே மாட்டல. உங்க வீட்டுக்காரருக்குத் தெருவே சேந்து மாட்டிடுச்சு, தட்டுல வெத்தல பாக்கு வச்சி."

அதற்குப் பிறகு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை, வாரம் முழுக்க மீன்குழம்பு போனது. சைவமான தயிர்சாதத்துக்காக அவர் ஏங்குகிற அளவுக்குப் போனது.

ஜெயராஜ் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "சார், இப்ப நான் நல்ல எலியா?" என்பதுதான்.

"அத இப்ப சொல்ல முடியாது. ரெண்டு பாட்டிலும் எதிர்ல இருக்கணும். அப்பதான் தெரியும்."

மனிதர் அந்தப் பட்டத்துக்காக ஏங்கிப்போய்விட்டார். ஒரு கிறிஸ்துமஸில் சறுக்கினார். நானே இரண்டு நாள் பேசவில்லை. சார் மட்டும் கீழே இறங்கி வந்து, "எலியும் ஒரு நா மாத்திக் குடிக்கும். மறுபடி தண்ணிக்கு வருதான்னுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஜெயராஜ் மறுபடி தண்ணீருக்கே வந்தார். சாவித்தட்டு பந்தலில் அவர் கையிலேயே இருந்தது, இந்த முறை பன்னீர் சோடாவோடு. ஓரத்தில் ஒரு நாற்காலி இருந்த இடத்தில் இரண்டு நாற்காலி. குடித்தால் ஒன்றும் ஆகாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் சோடாவை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருக் கல்யாணங்களின் சத்தம், நெரிசல், மைக்செட் எதுவுமே சாருக்குப் பிடிக்காது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருஷமும் அவர் கூத்துப் பார்க்க வரவில்லை, ஒரே ஒருவரைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்.

பணி ஓய்வு பெற்றதும் சார் காட்டுமன்னார்கோயிலில் தங்கை வீட்டோடு போய்விட்டார். மாடியை நாங்கள் வேறு யாருக்கும் விடவில்லை.

போன தை மாதம் எங்கள் மகள் ரோஸிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பண்ருட்டியை ஒட்டிய அண்ணாகிராமத்துப் பக்கம், முந்திரித் தோப்பும் பலாவுமாக நல்ல குடும்பம். முந்தின நாள் சாயங்காலம் சின்னப் பந்தலில் எங்கள் தெருவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் சேர்ந்து முதல் கிளாஸ் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் சம்பந்தியை மதிக்கவில்லை என்று பேச்சாகிவிடும். எத்தனையோ கல்யாணங்களில் ஜெயராஜ் ஊற்றிக் கொடுத்த அந்த முதல் கிளாஸ், இப்போது அவருக்கே வந்து நின்றது. பந்தி வேலையை விட்டுவிட்டு, தடுப்புத் துணி ஓரமாக வந்து நின்றுகொண்டேன்.

சம்பந்தி வெள்ளந்தியான மனிதர். தானே கொண்டுவந்த பாட்டிலை மேஜையில் வைத்தார். "வாங்க சம்பந்தி, நாமதான் தொடங்கி வெக்கணும்."

பந்தலே பார்த்தது. பத்திநாதன் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள்பையோடு எலி சார் உள்ளே வந்து, பேசாமல் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் ஒரு பக்கம் சம்பந்தியின் பாட்டில், இன்னொரு பக்கம் ஜெயராஜின் பன்னீர் சோடா.

ஜெயராஜ் சம்பந்தியின் பாட்டிலைத்தான் எடுத்தார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அவர் அதைத் திறந்து, சம்பந்தியின் கிளாசில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். கை கொஞ்சமும் ஆடவில்லை. மூடியைப் போட்டுத் திருகி அந்தப் பக்கமே வைத்துவிட்டு, தன் கிளாசில் சோடாவை ஊற்றிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. இத குடிச்சா எனுக்கு ஒண்ணுமே ஆவாது. அதான் குடிக்கறதில்ல."

சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே கிளாசை முட்டினார். எலி சார் எழுந்து வந்தார். ஜெயராஜின் கிளாசை வாங்கி, மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல எலி" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாள் பெண்ணை வண்டி ஏற்றி அனுப்பும்போதுகூட அப்படி அழவில்லை. சம்பந்தி பதறிப்போய் அவர் தோளைத் தட்டி, "பொண்ணு எங்க சம்பந்தி போயிடப் போவுது, பஸ் ஏறினா பண்ருட்டி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தப் போகவில்லை.

இதை எழுதட்டுமா என்று ஜெயராஜிடம் கேட்டேன். "எம்பேர போடு, சரக்கு பேர மட்டும் போடாத, விளம்பரமாயிடும்" என்றார்.

ஒன்று மட்டும் மிச்சம். அந்தப் பந்தலில் எலி சாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சார் என்று கேட்டதற்கு, சோடா மூக்கில் ஏறிவிட்டது என்றார். அவர் கையில் அப்போது சோடாவே இல்லை. விலங்கியல் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, முந்தானையை எடுத்து நானும் துடைத்துக்கொண்டேன்.